‘லீவ்’ என்று நான் சொன்னது

1

போன மார்ச் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, எங்கள் வாசற்கதவில் இருக்கும் தபால் துளை வழியாக ஒரு பழுப்பு உறை வந்து விழுந்தது. உள்ளே என் பாஸ்போர்ட், என் மனைவி கோதையின் பாஸ்போர்ட், இரண்டு வரிக் கடிதம். இனி நாங்கள் இந்த நாட்டில் எத்தனை காலம் வேண்டுமானாலும் இருக்கலாம் என்பது செய்தி. ஆனால் அதை அவர்கள் அப்படி எழுதுவதில்லை. எங்களுக்கு ‘இண்டெஃபினிட் லீவ்’ வழங்கப்பட்டிருப்பதாக எழுதியிருந்தார்கள்.

கோதை என் தோளுக்கு மேலிருந்து எட்டிப் பார்த்து எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

“இண்டெஃபினிட் லீவா? அப்போ நாளையிலேருந்து ஃபேக்டரிக்குப் போக வேண்டாமா?”

கேலிதான். அவளுக்கு அர்த்தம் தெரியும். எங்கள் வீட்டில் அந்தச் சொல்லை வைத்துக் கேலி பேச முடிகிறது என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நாலு வருஷமாக அதை நாங்கள் ஜாக்கிரதையாகத்தான் வாயில் எடுத்தோம்.

ஊரில் உங்களுக்கெல்லாம் இது இங்கிலீஷ் சொல் என்ற நினைப்பே இருக்காது. ‘இன்னைக்கு லீவு’ என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்கிறது. அந்த ஒரு சொல் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று எழுதிவைக்கலாமென்று தோன்றியது.

2

நான் திருவள்ளூர்க்காரன். அப்பா கோயில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணிக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் பின்னால் ஒரு சின்னத் தெருவில் எங்கள் வீடு. எனக்குக் கீழே ஒரே தம்பி, சம்பத்து. அவன் அப்பாவோடு மடைப்பள்ளிக்குப் போனான். எனக்குக் கை இரும்பு வேலைப் பக்கம் போயிற்று. ஃபிட்டர் படிப்பு முடித்து, அறுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் தகடு அழுத்தும் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தேன். அப்போது அங்கே இன்று போலக் கட்டிடங்கள் கிடையாது. ரயிலடியிலிருந்து சவுக்குத் தோப்பு ஓரமாக நடந்துபோனால் தகரக் கூரை தெரியும். நாலு பேர் சேர்ந்து ஒரு அறை எடுத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை பெரியபாளையம் வழியாக பஸ் பிடித்து ஊருக்குப் போவேன்.

தொழிற்சாலையின் டைம் ஆபீசில் முனுசாமி நாயுடு உட்கார்ந்திருப்பார். வரவு நேரம், லீவு எல்லாம் அவர் கையில். கேஷுவல் லீவு, சிக் லீவு, ஏர்ன்டு லீவு என்று மூன்று தலைப்பில் நோட்டுப் போட்டிருந்தார். நாம் போய் ஜன்னலில் நின்றால் தலையைத் தூக்காமலே கேட்பார்.

“இன்னா வரதன், லீவா? எத்தினி நாளு?”

“ரெண்டு நாள் சார்.”

“ஜுரமா, பொண்ணு பாக்கப் போறியா? ஜுரம்னு எழுதிக் குடுத்துடு நைனா. அதுக்குத்தான் கேள்வி இருக்காது.”

எழுதித் தருவேன். பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்த அதே வாக்கியம்தான். ‘காய்ச்சலால் அவதிப்படுவதால் தாங்கள் தயவுகூர்ந்து…’ என்று இங்கிலீஷில் போகும். நம்மில் முக்கால்வாசிப் பேர் முதன்முதலில் முழுசாக எழுதிய இங்கிலீஷ் வாக்கியம் அதுவாகத்தான் இருக்கும். வாயால் சொல்வதென்றால் இன்னும் சுருக்கம்: ‘ஐ வாண்ட் லீவ், சார்.’ மூன்றாம் நாள் வந்து மறுபடி வருகை அட்டையில் துளை போட்டுக்கொள்வோம். லீவு கேட்பவன் திரும்பி வருவான் என்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருந்தது.

அப்பாவுக்கு இந்த ஏற்பாடே புரியவில்லை. “பெருமாளுக்கு ஏதுடா லீவு? அவருக்குத் தளிகை பண்றவனுக்கு மட்டும் எப்படி வரும்?” என்பார். காய்ச்சலோடு அடுப்படியில் நின்றிருக்கிறார். நான் பார்த்திருக்கிறேன்.

பெரிய பிரெஸ் ஒன்று புதிதாக வந்தபோது அதைப் பொருத்த இங்கிலாந்திலிருந்து ஓர் எஞ்சினீயர் வந்து ஒரு வருஷம் தங்கினார். அவருக்குக் கையாளாக என்னைப் போட்டார்கள். ஒருநாள் சாயங்காலம் கிளம்பும்போது, ‘ஐ வில் கோ அண்ட் கம், சார்’ என்றேன். போய்ட்டு வரேன் என்பதை அப்படியே மாற்றிப் போட்டது. அவர் வாய்விட்டுச் சிரித்தார். “போவதா வருவதா, எது? ஒன்றைத் தேர்ந்தெடு” என்றார். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் எனக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றோடு அந்த ‘வருவதை’ என் இங்கிலீஷிலிருந்து வெட்டி எறிந்தேன். அவர் மூலமாகத்தான் பிறகு இங்கே, நடு இங்கிலாந்தில் ஒரு தொழிற்சாலையில், எனக்கு வேலை கிடைத்தது.

3

வந்து இறங்கிய அன்றே அந்தச் சொல் என்னைச் சீண்டிவிட்டது. விமான நிலையத்தில் அதிகாரி முத்திரை குத்திவிட்டு, “உங்களுக்குப் பன்னிரண்டு மாத லீவ்” என்றார்.

நான் பதறிப்போய், “நோ சார், நான் வேலைக்கு வந்திருக்கிறேன். லீவு ஒன்றும் கேட்கவில்லை” என்றேன்.

அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். சட்ட பாஷையில் அதற்கு அனுமதி என்று பொருளாம். அறைக்கு வந்து அகராதி பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

அப்புறம் எங்கே திரும்பினாலும் அதுதான். ரயில் நிலையத்தில் ‘லெஃப்ட் லக்கேஜ்’ என்று பலகை பார்த்து, இடது பக்கச் சாமான்களுக்கென்று தனி அறை வைத்திருக்கிறார்களே என்று வியந்தேன். விட்டுப்போன சாமான்களை வைக்குமிடம் அது. பக்கத்து வீட்டுக் கிழவர் செத்துப்போனபோது அவர் எல்லாவற்றையும் தங்கைக்கு ‘லெஃப்ட்’ என்றார்கள். பழைய சாமான் கடைக்காரன் ‘டேக் இட் ஆர் லீவ் இட்’ என்றான். தேயிலையும் அதுதான், மரத்திலிருந்து உதிர்வதும் அதுதான்.

எங்கள் பெண் வைதேகிக்கு இப்போது எட்டு வயது. போன இலையுதிர் காலத்தில் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து, “டாட், டீச்சர் பத்து லீவ்ஸ் கொண்டுவரச் சொன்னாங்க” என்றாள். அப்பா என்பது டாட் ஆகி ஒரு வருஷம் இருக்கும்.

“பத்து நாளா? எதுக்கு?” என்றேன்.

அவள் ஜன்னலுக்கு வெளியே மரத்தைக் காட்டினாள். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் கொஞ்சம் இரக்கம் இருந்தது. அதை எப்படி மறப்பது என்று தெரியவில்லை. அவள் தலையை வாரிப் பின்னல் போட உட்கார்ந்தால் ‘லீவ் இட், மம்’ என்று கோதையின் கையைத் தள்ளிவிடுகிறாள். “என்ன சொல்றா?” என்று கோதை கேட்டால், “விடுங்கறா” என்று நான் மொழிபெயர்க்கிறேன்.

4

நான் வந்து எட்டு மாதத்தில் கோதையும் வைதேகியும் வந்து சேர்ந்தார்கள். அது நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, சம்பத்திடமிருந்து தந்தி வந்தது. நம் ஊர் தந்தி. மூன்றே சொற்களில் இங்கிலீஷ்: ‘ஃபாதர் சீரியஸ். ஸ்டார்ட்.’

தந்தியை எடுத்துக்கொண்டு நேராக ஹாரியிடம் போனேன். ஹாரி எங்கள் ஃபோர்மன். ஐம்பது வயசு, நல்ல மனுஷர். வரதன் என்பது வாயில் நுழையாமல் என்னை ராஜ் என்று கூப்பிடுவார். பிரெஸ் இரைச்சலில் காதோடு வாய் வைத்துப் பேசவேண்டும். 

“ஐ வாண்ட் டு லீவ், சார்” என்றேன்.

நடுவில் அந்த ‘டு’ எப்படி நுழைந்தது என்று எத்தனையோ நாள் யோசித்திருக்கிறேன். நல்ல இங்கிலீஷ் பேசவேண்டுமென்ற பயம்தான் காரணம்.

“லீவ் பண்ணப்போகிறாயா? எப்போ?”

“இந்த வெள்ளிக்கிழமை, சார். அப்பா சீரியஸ்.”

தந்தியைக் காட்டினேன். ஹாரி கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தார். தலையை ஆட்டினார். பிறகு என் கையைப் பிடித்துக் குலுக்கி, “உன்னை இழப்பதில் வருத்தம்தான், ராஜ்” என்றார்.

அவர் புரிந்துகொண்டதைப் பிற்பாடு அவரே சொன்னார். இங்கே ‘சீரியஸ்’ என்றால் விளையாட்டில்லை, உண்மையாகச் சொல்கிறார் என்று அர்த்தம். ‘ஸ்டார்ட்’ என்றால் வேலையில் சேர் என்று அர்த்தம். அப்பா எனக்கு ஊரில் ஒரு வேலை பார்த்து வைத்துவிட்டு, கண்டிப்பாக வந்து சேர் என்று கூப்பிடுகிறார் என்று நினைத்தாராம்.

கை குலுக்கினதுமே எனக்கு உறைத்திருக்க வேண்டும். லீவு கொடுக்கும்போது கும்மிடிப்பூண்டியில் யாரும் கை குலுக்கினது கிடையாது. அதோடு, இங்கே தொழிலாளிகள் நாம் லீவு என்று சொல்வதை ‘ஹாலிடே’ என்பார்கள். எனக்கு ஹாலிடே என்றால் பொங்கல், தீபாவளி. அப்பா சாகக் கிடக்கும்போது போய் ஹாலிடே கேட்பேனா?

வெள்ளிக்கிழமை சம்பள உறையோடு இன்னொரு தாளும் கொடுத்தார்கள். வேலையை விட்டவனுக்குக் கொடுக்கும் தாள் அது. லீவு சாங்ஷன் ஆன தாள் என்று நினைத்து, கோதையிடம் கொடுத்துப் பெருமாள் படத்துக்குப் பின்னால் வைக்கச் சொன்னேன்.

5

அப்பாவுக்கு வாதத்தில் வலது பக்கம் விழுந்திருந்தது. சென்னையில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்துவிட்டு, நான் போகும்போது வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். பேச்சு குழறியது. என்னைப் பார்த்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை நாள்டா?” என்பது.

“மூணு வாரம்பா.”

இடது கையைத் தூக்கி என் கன்னத்தைத் தொட்டார்.

அந்த மூன்று வாரமும் அவருக்கு நான்தான் சமைத்தேன். சம்பத்து கோயிலுக்குப் போய்விடுவான். அம்மா போய் வெகுநாளாயிற்று. அடுப்பு தெரிகிற மாதிரி கட்டிலைத் திருப்பிப் போட்டேன். புளி கரைத்த வாசனையிலேயே அவருக்கு அளவு தெரியும். இடது கையின் இரண்டு விரலை மடக்கினால் உப்புப் போதாது. முழுக்கையும் விரித்தால் இறக்கி வை. ஒருநாள் ரசத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, “ஃபிட்டர் ரசம்” என்றார். அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த சொற்கள் அவை. சம்பத்து வந்ததும் அவனிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன்.

கிளம்புகிற அன்று அவர் கொஞ்சம் தேறியிருந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நாலு தப்படி வைத்தார். காலில் விழுந்து எழுந்தேன்.

“போய்ட்டு வரேன்பா.”

“வா” என்றார்.

6

லண்டன் விமான நிலையத்தில் அதிகாரியிடம் பாஸ்போர்ட்டை நீட்டினேன். நாட்டை விட்டு வெளியே போனதுமே என் பழைய ‘லீவ்’ முடிந்துவிட்டது, திரும்ப வரும்போது புதிதாகத் தரவேண்டும் என்றார். அது வழக்கமான ஏற்பாடு. வேலை இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பார்கள். தொழிற்சாலைக்கு ஃபோன் செய்தார். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்தார்.

“நீங்கள் அங்கே வேலை செய்யவில்லையாமே?”

“செய்கிறேன், சார். லீவில் போனேன்.”

“ஹி லெஃப்ட் என்கிறார்கள்.”

“எஸ் சார். ஐ லெஃப்ட். ஆன் லீவ்.”

அவர் எழுதிக்கொண்டார். நான் சொல்லச் சொல்ல அது மோசமாகிக்கொண்டே போயிற்று. வேலையை விட்டதையும், லீவில் போனதையும், ஊரை விட்டுக் கிளம்பியதையும் நான் ஒரே சொல்லை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஒவ்வொரு தடவையும் எனக்கு எதிராகவே சாட்சி சொன்னது. வேலை இல்லாதவனுக்கு உள்ளே வர அனுமதி இல்லை. அடுத்த நாள் விமானத்தில் திருப்பி அனுப்பலாம் என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். என் பெண்டாட்டியும் நாலு வயசுக் குழந்தையும் இங்கே நூறு மைல் தள்ளி ஒரு வாடகை வீட்டில் இருக்கிறார்கள் என்றேன். “ஒரு ஃபோன் செய்துகொள்ளலாம்” என்றார்.

எங்கள் வீட்டில் ஃபோன் கிடையாது. பக்கத்து வீட்டு மிஸஸ் கார்ட்டர் கோதையைக் கூப்பிட்டு வந்தார்.

“ஏன்னா, எங்கே இருக்கேள்? ரசம் ஆறிண்டிருக்கு.”

நடந்ததைச் சொன்னேன். 

“நான் என்ன பண்ணணும்?”

“ஃபேக்டரிக்குப் போ. ஹாரின்னு கேளு. நான் வேலையை விடலை, லீவுலதான் போனேன்னு சொல்லு.”

“அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்றது?”

மனசுக்குள் வாக்கியம் கட்டிப் பார்த்தேன்.  எப்படித் திருப்பிப் போட்டாலும் அந்தச் சொல் வந்து நடுவில் உட்கார்ந்துகொண்டது.

“என்ன சொன்னாலும் சரி, லீவுன்னு மட்டும் சொல்லாதே” என்றேன்.

7

கோதை அப்போது தனியாக பஸ் ஏறினதில்லை. தெருக்கோடியில் இருக்கும் கடையைத் தாண்டிப் போனதில்லை. வைதேகிக்குக் கோட்டு மாட்டி, ஒன்பது கஜப் புடவைக்கு மேல் என் பழைய மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு, மிஸஸ் கார்ட்டர் எழுதிக் கொடுத்த பஸ் எண்ணை ஓட்டுநரிடம் காட்டி ஏறியிருக்கிறாள். தொழிற்சாலை வாசலில் ‘ஹாரி, ஹாரி’ என்று சொல்லிக்கொண்டு நின்றிருக்கிறாள். வாசல்காரனுக்கு அங்கே ஆறு ஹாரி தெரியும். ஆனால் அந்த மழையில் குழந்தையோடு நிற்பவளைத் துரத்த மனசில்லாமல் ஒவ்வொருவராகக் கூப்பிட்டிருக்கிறான். மூன்றாவதாக வந்தவர் எங்கள் ஹாரி.

அவளுக்குத் தெரிந்த இங்கிலீஷ் அவ்வளவையும் வரிசையாக வைத்தாள். “ராஜ் ஃபாதர். ஹாஸ்பிடல். இந்தியா. ராஜ் கம். ஏர்போர்ட். போலீஸ்.”

போலீஸ் யாரும் வரவில்லை. அவள் சேர்த்துக்கொண்டது.

ஹாரிக்கு ‘ஹாஸ்பிடல்’ என்ற இடத்தில்தான் வெளிச்சமாயிற்றாம். “அப்பாவுக்கு உடம்பு சரியில்லையா?” என்று இரண்டு தடவை கேட்டாராம். கோதை தலையை ஆட்டினாள். உடனே அவர் என் லாக்கர் சாவி இருக்கும் பலகைக்குப் போய், சாவியை எடுத்து லாக்கரைத் திறந்து பார்த்திருக்கிறார். உள்ளே என் பூட்ஸ், டிபன் பாக்ஸ், கும்மிடிப்பூண்டியிலிருந்து மரப்பெட்டியில் நான் கொண்டுவந்த, தகட்டின் கனம் அளக்கும் மைக்ரோமீட்டர். ஃபிட்டர் வேலையை விட்டுப் போனால் தன் மைக்ரோமீட்டரை விட்டுவிட்டுப் போகமாட்டான். மூன்று வாரமாக அந்த லாக்கரை யாரும் திறந்து பார்க்கவில்லை.

ஹாரி ஆபீசுக்குள் புகுந்து சத்தம் போட்டதாகக் கேள்வி. அவரே விமான நிலையத்துக்கு ஃபோன் செய்தார். சாயங்காலம் ஆறு மணிக்கு என்னை வெளியே விட்டார்கள். ஆனால் எழுதியது எழுதியதுதான். என் பெயரில் ஒரு கோப்பு திறந்தாகிவிட்டது. தொழிற்சாலை கடிதம் கொடுத்து, மறுபடி வேலைக்கு அனுமதி வாங்கி, லண்டனில் இருக்கும் அலுவலகம் அதைப் பார்த்து முடிவு சொல்லும்வரை தற்காலிகமாக இருக்கலாம். பாஸ்போர்ட் அவர்களிடம் இருக்கும்.

வீட்டுக்குப் போனபோது கோதை கதவைத் திறந்து, என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “கைகால் அலம்பிண்டு வாங்கோ” என்று மட்டும் சொன்னாள். பிறகு சமையலறையில் அவள் அழுவது கேட்டது. வைதேகி என்னிடம் வந்து, “அம்மா பஸ்ல டிக்கெட் வாங்கினா!” என்றாள். அப்போது அவள் அம்மா என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள்.

8

பாஸ்போர்ட் வருவதற்குள் இரண்டாவது தந்தி வந்துவிட்டது. இரண்டு மாதம் கழித்து, காலையில் நான் ஷிஃப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது.

‘ஃபாதர் எக்ஸ்பயர்ட். வயர் அரைவல்.’ எப்போது வந்து சேருவேன் என்று தந்தி கொடுக்கவேண்டுமாம்.

அதை எடுத்துக்கொண்டு மறுபடி ஹாரியிடம் போனேன். அவர் தாளை வாங்கவே இல்லை. “வேண்டாம் ராஜ், என்ன எழுதியிருக்கிறது என்று நீயே சொல்” என்றார்.

“என் அப்பா செத்துப்போய்விட்டார்.”

பிரெஸ்ஸை நிறுத்தச் சொன்னார். என்னை ஆபீசுக்கு அழைத்துப்போய் உட்காரவைத்து லண்டனுக்கு ஃபோன் போட்டார். ஒவ்வொரு மேஜையாக மாறி, கடைசியில் ஒரு பெண்மணி பேசினார். பொறுமையானவர். நான் கேட்டால் பாஸ்போர்ட்டைத் தந்துவிடுவார்கள். என்னை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அதை வாங்கிக்கொண்டு வெளியே போனால் இங்கே கொடுத்திருக்கும் மனு வாபஸ் ஆனதாகக் கொள்ளப்படும். சென்னையிலிருந்து முதலிலிருந்து தொடங்கவேண்டும். திரும்ப அனுமதி கிடைக்குமா என்று அவரால் சொல்ல முடியாது.

ஹாரி, “உனக்கு எத்தனை நாள் வேண்டுமோ எடுத்துக்கொள். உன் இடம் இருக்கும்” என்றார். அதில் ஒரு சந்தேகமும் இல்லை. ஆனால் அவர் கொடுப்பது ஒரு லீவ், லண்டன் கொடுக்கவேண்டியது வேறு லீவ்.

வீட்டுக்கு வந்தேன். கோதை விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: “போங்கோ. மூத்த பிள்ளை. நீங்கதான் கொள்ளி வைக்கணும். நானும் குழந்தையும் எப்படியாவது இருந்துக்கறோம். அப்புறம் ஆனது ஆகட்டும்.”

மாடிப்படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இதுவரை எழுதியதையெல்லாம் மொழியின் மேல், ஒரு சொல்லின் மேல், ஒரு முத்திரையின் மேல் போடலாம். இதைப் போட முடியாது. போயிருக்கலாம். போகவேண்டாமென்று தீர்மானித்தது நான். கும்மிடிப்பூண்டியில் என் இடத்தில் வேறு ஆள் சேர்ந்தாகிவிட்டது. இதையும் விட்டால் மூன்று பேருக்கு நான் என்ன செய்வேன் என்ற பயம். அதுதான் உண்மை.

தபால் நிலையத்துக்குப் போய்த் தந்தி கொடுத்தேன். ‘வர இயலாது. காத்திருக்காதே. நீ செய்.’ இங்கிலீஷில் எழுதினேன். அந்தப் பெண் சொற்களை எண்ணிவிட்டு, “இன்னும் நாலு சொல் சேர்க்கலாம், அதே கட்டணம்தான்” என்றாள். சேர்க்க என்னிடம் ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து வேட்டியோடு தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டேன். வெந்நீருக்கு கேஸ் மீட்டரில் போடக் காசு இருந்தது. போடவில்லை. பச்சைத் தண்ணீர்.

ஐந்து வாரம் கழித்துப் பாஸ்போர்ட் வந்தது. எல்லாம் சரியாக இருந்தது.

9

அதற்குப் பிறகு நாலு வருஷம். காலையில் ஆறு மணிக்கு எழுந்திருக்கிறேன். ஆறே முக்காலுக்கு பஸ். அட்டையைத் துளைக்கிறேன். சம்பத்து மாதம் ஒரு கடிதம் எழுதுவான். கோயில் உத்ஸவம், மழை, தன் பிள்ளைகள் படிப்பு. ஏன் வரவில்லை என்று ஒரு வரி அவன் கேட்டதில்லை. பாஸ்போர்ட் கிடைக்காததால் வர முடியவில்லை என்று நான் எழுதியிருந்தேன். முழுப்பொய் இல்லை. நிஜமும் இல்லை.

மார்ச்சில் அந்த உறை வந்ததும், ஆவணியில் வரும் அப்பாவின் திவசத்துக்குப் போவதென்று முடிவு செய்தோம். மூன்று பேரும் போனோம்.

திருவள்ளூர் ஸ்டேஷனுக்குச் சம்பத்து வந்திருந்தான். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. தீக்காயத் தழும்போடு அவன் கைகள் அப்பாவின் கைகள் மாதிரியே ஆகிவிட்டிருந்தன. வைதேகி அவனிடம் இங்கிலீஷில் பேசினாள். அவன் எல்லாவற்றுக்கும் “எஸ், எஸ்” என்றான்.

திவசத்துக்கு முதல் நாள் சாயங்காலம் இருவரும் குளக்கரைக்கு நடந்தோம். அங்கேதான் சொன்னேன்.

“சம்பத்து, அப்பா போனப்போ நான் வந்திருக்கலாம்டா. பாஸ்போர்ட் கேட்டாக் கொடுத்திருப்பா. திரும்பி வர முடியாதோன்னு பயந்துண்டு நான்தான் வரலை.”

அவன் நின்றுவிட்டான். குளத்தையே பார்த்துக்கொண்டு, “தெரியும் அண்ணா” என்றான்.

“எப்படி?”

“மன்னி எழுதினா. அந்த வாரமே.”

“நாலு வருஷமா நீ ஒண்ணும் கேக்கலையே.”

“கேட்டு?” என்றான். கொஞ்சதூரம் நடந்த பிறகு, “எனக்குக் கோவம் இல்லைன்னு நினைச்சுக்காதே. முதல் வருஷம் உன் லெட்டரை நான் பிரிக்கவே இல்லை. மன்னிக்குத்தான் பதில் போட்டேன். உனக்கு எழுதினதெல்லாம் அப்புறம்தான்” என்றான்.

யோசித்துப் பார்த்தேன். ஆமாம். முதல் வருஷக் கடிதங்களெல்லாம் கோதையின் பெயருக்குத்தான் வந்தன. உறையைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் தோன்றியதில்லை.

மறுநாள் காலை கூடத்தில் ஹோமத்துக்கு எல்லாம் வைத்தாயிற்று. திவசம் பண்ணிவைக்கும் வாத்தியார் வந்து உட்கார்ந்து, வழக்கம்போலச் சம்பத்தைப் பார்த்து ஆரம்பிக்கப் போனார். நான் சுவரோரம் நின்றிருந்தேன். நாலு வருஷமாகச் செய்தவன் அவன். அவனே செய்யட்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

சம்பத்து விரலில் மாட்டியிருந்த தர்ப்பை மோதிரத்தைக் கழற்றிக் கீழே வைத்தான். மணையை விட்டு எழுந்து, தள்ளி உட்கார்ந்தான்.

“மூத்தவர் வந்திருக்கார்” என்றான் வாத்தியாரிடம்.

வாத்தியார் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு மந்திரமெல்லாம் மறந்துபோயிருந்தது. கால் மடக்கி உட்காரக்கூடச் சிரமமாக இருந்தது. சமையலறை வாசலில் கோதை வைதேகியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். போய் உட்கார்ந்தேன். சம்பத்து புதுத் தர்ப்பை எடுத்து முடிச்சுப் போட்டு என் விரலில் மாட்டிவிட்டான்.  

“அப்பா பேர் சொல்லுங்கோ” என்றார் வாத்தியார்.

சத்தமாகச் சொன்னேன்.